யாரும் கேட்டு வாங்காத கோப்பு

அமெரிக்காவின் சின்ன மாவட்டமான எங்கள் கவுண்டியில் காலைக் காபியோடு சோள விலையைப் பார்த்து முடித்ததும் எல்லோரும் ஷெரிஃப் அலுவலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்துவிடுவார்கள். நேற்று யாரை உள்ளே போட்டார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். ஆறே அறைகள் உள்ள சிறை. பல நாட்கள் பட்டியலில் ஒரே பெயர்தான் இருக்கும், அதுவும் நமக்கு உரம் விற்றவனாகவோ, பிள்ளைக்குப் பியானோ சொல்லித்தந்தவளாகவோ இருக்கும். பார்த்துவிட்டு யாரும் வாய்விட்டுப் பேசமாட்டோம். பார்த்தோம் என்பது முகத்தில் தெரியும், அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. பெயரைத் தட்டினால் பழைய கைதுகளும் வரும். திருமணத்துக்கு நான்கு நாள் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், என் மகள் பிரின் அந்தப் பெட்டியில் லைல் பிரான்ட்வோல்டின் பெயரைத் தட்டினாள்.

லைலைத்தான் நான் அந்தச் சனிக்கிழமை மணப்பதாக இருந்தேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது, அவருக்கு ஐம்பத்திரண்டு. நான் பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறேன். அவர் ரயில் பாதையோரத் தானியக் கிடங்கை நடத்துகிறார். விதைப்பு தொடங்கினால் அவருக்குத் தலைநிமிர நேரமிருக்காது என்பதால் மார்ச் முதல் வாரத்தில் நாள் குறித்திருந்தோம். பிரின் நகரத்தில் நர்சிங் படிக்கிறாள். கல்யாணத்துக்காக லீவு போட்டு வந்திருந்தாள்.

அவள் போனை என் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். பதினாறு வருடத்துக்கு முந்தைய லைல் படத்தில் இருந்தார். முடி அதிகம், உதடு வீங்கியிருந்தது. கீழே ஒரே ஒரு வரி: குடும்ப உறுப்பினரைத் தாக்கியது.

"கோனிய அடிச்சிருக்காரும்மா. அதான் அந்தம்மா விட்டுட்டுப் போயிருக்காங்க. ஊருக்கே தெரியுமாம். பக்கத்து வீட்டு டீனா ஆன்ட்டிகிட்ட கேட்டேன், ஆமான்னு தலைய மட்டும் ஆட்டினாங்க."

கோனி லைலின் முதல் மனைவி. நான் ஒன்பது வருடத்துக்கு முன்னால்தான் என் கணவர் கார்ல் இறந்த பிறகு வேலைக்காக இந்த ஊருக்கு வந்தேன். கோனி போனது அதற்கு முன்பே நடந்து முடிந்த கதை.

பிரினிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. போன வருடம் லைல் என்னிடம், "நான் ஒரு தடவ உள்ள போய் வந்தது உனக்குத் தெரியும்ல" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியிருப்பார், இங்கே பாதிப்பேர் அதற்குத்தான் உள்ளே போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மேலே கேட்பது மரியாதையில்லை என்று தோன்றியது.

பிரின் கத்தவில்லை. சனிக்கிழமை சர்ச்சுக்கு வரமாட்டேன், ஆனால் என்றைக்காவது ராத்திரி நான் கூப்பிட்டால் எந்த நேரமானாலும் வந்து அழைத்துப்போவேன் என்றாள். கத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்று நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டேன். மசித்த உருளைக்கிழங்கைக் கரண்டி கரண்டியாக வைக்கும்போதெல்லாம் லைலின் கைகள்தான் நினைவுக்கு வந்தன. என் வீட்டுக் குழாயைச் சரிசெய்த கைகள். அவை வேறென்ன செய்தன என்று தெரியாமல் சனிக்கிழமை வரை என்னால் இருக்க முடியாது. நேராக அவரைக் கேட்கவும் பயம். அவர் சொல்வதை நான் நம்பிவிடுவேன். அதுதான் பயம்.

போனில் அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. கைது என்றால் குற்றம் நிரூபணமானதாக அர்த்தமில்லை, வழக்கு எப்படி முடிந்தது என்று அறிய நீதிமன்றப் பதிவறையை அணுகவும். ஒன்பது வருடமாகத் தினமும் பார்க்கும் பக்கம்தான். அந்த வரியை அன்றைக்குத்தான் படித்தேன்.

பதிவறை கோர்ட்டின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. அங்கே போவதென்றால் தெருவில் வண்டியை நிறுத்தவேண்டும், எதிரில் உணவகம், அதன் சன்னலோரம் எப்போதும் நான்கு பேர். மறுநாள் வேலை முடிந்து நான் படியேறியபோது அந்த நான்கு பேரும் பார்த்தார்கள்.

பதிவறையில் நடீன் சோர்பி இருந்தாள். சர்ச் சேர்ந்திசையில் எனக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள். கல்யாணத்துக்கு அவள்தான் கேக் செய்வதாக இருந்தது. நான் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறவில்லை. உள்ளே போய் ஒரு மெல்லிய கோப்பை எடுத்துவந்தாள். தேட நேரமே ஆகவில்லை.

"வழக்கப் பத்தி நான் ஒரு வார்த்த பேசக்கூடாது. வேலையே போயிடும். இதுல உன் பேரும் தேதியும் எழுது, அப்புறம் படி" என்று பேனாவை நீட்டினாள்.

கோப்பின் அட்டையில் ஒரு தாள் குத்தியிருந்தது. படித்தவர்கள் பெயரெழுத வேண்டிய தாள். வெறும் கோடுகள். ஒரு பெயரும் இல்லை.

"யாருமே வரலையா?"

"பதினாறு வருஷமா எதுத்தாப்புல உக்காந்து காபி குடிக்கிறாங்க. ஒருத்தர்கூட இந்தப் படிய ஏறல. வந்தாத்தானே நான் எடுத்துக் குடுக்க முடியும்?" என்றாள் நடீன். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறு அலமாரியைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

முதல் வரியில் பெயரெழுதிவிட்டுத் திறந்தேன். தாக்கப்பட்டவர் என்ற இடத்தில் கோனியின் பெயர் இல்லை. மெர்ல் பிரான்ட்வோல்ட் என்று இருந்தது. லைலின் தம்பி. அப்போது அண்ணன் வீட்டிலேயே தங்கியிருந்திருக்கிறார். போனில் ஷெரிஃபைக் கூப்பிட்டவர்தான் கோனி. இங்கே அப்போது பாதி வீட்டுச் சமையலறையில் போலீஸ் பேச்சை ஒட்டுக்கேட்கும் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். பிரான்ட்வோல்ட் வீடு, மனைவி அழைக்கிறார், அடிதடி என்ற அளவுக்கு ஊர் கேட்டிருக்கும். இரண்டு மாதம் கழித்துக் கோனி பெட்டியோடு கிளம்பியதும் ஊருக்குக் கணக்கு நேராகிவிட்டது: அவர் அடித்தார், அவள் போனாள்.

கடைசியில் மெர்ல் பென்சிலால் எழுதிக்கொடுத்த வாக்குமூலம் இருந்தது. "அண்ணன் ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருந்தபோது நான் அவனைக் கேட்காமல் பால்மாடுகள் முப்பத்தொன்றையும் விற்றுவிட்டேன். அவன் என்னை இரண்டு முறை அடித்தான். நானும் ஒன்று கொடுத்தேன். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அடித்திருப்பேன். அவனை விட்டுவிடுங்கள், ஓட்ஸ் விதைக்க வேண்டும்."

லைல் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். இரண்டு நாள் சிறை, ஒரு வருடக் கண்காணிப்பு, அது ஒழுங்காக முடிந்ததும் வழக்கு தள்ளுபடி. கோப்பை மூடியதும் நடீன் ஒரு காகிதக் கைக்குட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அங்கிருந்து நேராகக் கிடங்குக்குப் போனேன். லைல் எடை மேடைக்குப் பக்கத்து அறையில் தனியாக இருந்தார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், பிரின், கோப்பு. பாதியில் அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கோனியவா? நான் கோனிய அடிச்சேன்னா நெனச்சிட்டு இருக்காங்க?"

அப்போதுதான் புரிந்தது. அவருக்குத் தெரியாது. தம்பியை அடித்தவன் என்றுதான் ஊர் தன்னிடமிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறது என்று இத்தனை வருடமும் நினைத்திருக்கிறார். சர்ச்சின் இளைஞர் முகாமுக்கு வண்டி ஓட்டும் வேலையை அந்த வருடம் அவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்களாம். மெர்லோடு சமாதானமான பிறகும் ஏன் திருப்பித் தரவில்லை என்று அவருக்கு விளங்கவே இல்லையாம். கோனி போனது அவளுக்குப் பண்ணை வாழ்க்கையும் பனியும் பிடிக்காமல். அவளே அதை எல்லோரிடமும் சொல்லியிருப்பாள் என்று விட்டுவிட்டாராம்.

தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "நீ என்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டிருக்கணும். தெரியும்னு பொய் வேற சொன்னேன்."

"என்னன்னு நெனச்ச?"

"குடிச்சிட்டு வண்டி ஓட்டினீங்கன்னு."

"அப்ப குடிகாரன்னாப் பரவாயில்லன்னுதான் கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னியா?"

சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரின் செய்தது சரி, எனக்கு ஒரு மகள் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன் என்றார். நானே போய் அவளிடம் சொல்கிறேன் என்று நான் சொன்னதற்கு, நீ சொன்னால் நம்பமாட்டாள் என்றார்.

பிரின் நம்பவில்லைதான். "நீ அவரக் கட்டிக்கப்போறவ. உன் சாட்சி செல்லாதும்மா" என்றாள். வியாழக்கிழமை அவளே கோர்ட்டுக்குப் போனாள். நான் பள்ளியில் இருந்தேன். எவ்வளவு நேரம் படித்தாள், நடீனிடம் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் லைல் சர்ச் வரவேற்புக்கான மடக்கு நாற்காலிகளை என் வீட்டு வாசலில் இறக்கிக்கொண்டிருந்தார். பிரின் வெளியே போய் ஒரு நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். இன்னொன்றை விரித்து அவருக்குக் காட்டினாள். நான் சமையலறைச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன். வெட்கமில்லாமல்தான்.

"ரெண்டு தடவ அடிச்சீங்கன்னு எழுதியிருக்கு" என்றாள்.

"ஆமா."

"ரெண்டாவது எதுக்கு?"

"மொத அடி மாட்டுக்காக. அப்பவே அவன் கீழ விழுந்துட்டான். ரெண்டாவதுக்குக் காரணமே இல்ல. அதுக்குத்தான் தப்புன்னு ஒத்துக்கிட்டேன்."

"அப்புறம் யாரையாவது?"

"இல்ல."

"எங்கம்மாவ அடிக்கமாட்டீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இன்னிக்குத் தெரியாதும்மா. நான் வாக்குக் குடுத்தாலும் தெரியாது. நீ வந்து வந்து பாத்துக்கோ. எப்ப வேணா வா, சொல்லாம வா. எத்தன வருஷம் வேணாலும் பாரு. இப்படி மூஞ்சிக்கு நேரா என்கிட்ட கேட்டவங்க நீ ஒருத்திதான்."

பிரின் நாற்காலியின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே நான் கையில் பிடித்திருந்த தட்டு ஈரம் காய்ந்தே போய்விட்டது.

"சனிக்கிழம மெர்ல் வர்றாரா?"

"வராம? அவன்தான் எனக்கு மாப்பிள்ளைத் தோழன்."

"சாப்பாட்டுல அவருக்குப் பக்கத்துல என்னைப் போடுங்க. அந்த மாட்ட எதுக்கு வித்தாருன்னு ஃபைல்ல சரியா எழுதல" என்றபடி எழுந்து, வண்டியிலிருந்து இரண்டு நாற்காலிகளை இறக்கினாள்.