ஒற்றைக் கதியால்

ஒரேயொரு மரத்தை விடலாம் என்று காணிக்காரர் கனடாவிலிருந்து தொலைபேசியில் சொல்லியிருந்தார். எதை விடுவதென்று காலையிலேயே காட்டிவிட வேண்டும். மத்தியானத்துக்குள் மற்றதெல்லாம் துப்புரவாகிவிடும்.

புங்குடுதீவின் அந்தக் காணியில் முப்பது வருடத்துக்கு மேலாக ஆளில்லை. இடப்பெயர்வின்போது ஊர்காவற்றுறையிலிருந்து ஓடிவந்த மரியநாயகமும் கத்தரீனாவும் இங்கிருந்த வீட்டில் பன்னிரண்டு நாள் தங்கினார்கள். அவர்களுடைய மூத்த பிள்ளை, ஆறு மாதக் குழந்தை, காய்ச்சலில் இங்கேதான் போனது. புதைக்கச் சேமக்காலைக்குக் கொண்டுபோக வழியில்லை. கத்தரீனாவும் காய்ச்சலோடு உள்ளே கிடந்தாள். மரியநாயகம் தனியே பின்வளவுக்குப் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். போன மாசியில் அவரும் போய்விட்டார்.

"கிணத்துக்குத் தெற்காலை, வேம்படியிலை, ஒரு குருசும் நட்டனான் எண்டுதான் கொப்பர் சொல்லுவார்," என்றாள் கத்தரீனா மகளிடம். "வேறை ஒண்டும் சொல்லமாட்டார்."

அந்தச் சிலுவை எங்கேயும் இல்லை. வேம்புகள்தான் நின்றன, பதினொன்று. பிறகு பிறந்த மகள் ஜெனீற்றா தாவரவியல் படித்தவள். இலையையும் பட்டையையும் பார்த்தே பெயர் சொல்லிவிடுவாள். ஆனால் இன்றைக்குப் பெயர் போதாது, வயது வேண்டும். ஒவ்வொரு பட்டையாகத் தடவிப் பார்த்தாள். பத்து வேம்புகள் பறவைகள் விதைத்த இளசுகள். ஒன்றில் மட்டும் பட்டை கறுத்து, விரல் நுழையும் ஆழத்துக்கு வெடித்திருந்தது. அதில் சிவப்பு நாடாவைக் கட்டினாள்.

கத்தரீனா அந்த மரத்தடியில் சப்பாணி கட்டி இருந்து, மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தினாள். காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினாள். பிறகு செபமாலையை எடுத்தாள். முப்பது வருடமாகத் தேடிய கால்கள் அப்போதுதான் ஓய்ந்தன போலிருந்தது.

காணியைத் துப்புரவாக்க வந்த இயந்திரத்தின் சாரதி ஷாருஜன் இருபது முப்பது அடி தள்ளி நின்ற ஒரு மரத்தைக் காட்டினான்.

"அக்கா, உதிலை நடுவிலை நிக்கிறது என்ன மரம்? பட்டை கடதாசி மாதிரி உரியுது."

ஜெனீற்றா எட்டத்திலிருந்தே பார்த்தாள். உரிந்த பட்டைக்குள் பச்சை தெரிந்தது. "கிளுவை. வேலிக்குக் கதியாலா நடுறது. எடுங்கோ அண்ணை."

"வேலிக்கெண்டால் ஏன் காணிக்கு நடுவிலை நிக்குது? வேலியோடை கோவிச்சுக்கொண்டு வந்திட்டுதோ?"

அவள் சிரித்தாள். இயந்திரம் கிளுவையை வேரோடு கிளப்பிச் சரித்தது. அதன் வாளி இரண்டு தரம் மண்ணைக் கோலி, ஓரத்துக் குவியலில் கொட்டியது.

கசங்கிய இலையின் மணம் மூக்கில் ஏறியபோதுதான் ஜெனீற்றா கிட்டப் போனாள். விழுந்து கிடந்த தண்டில், முழங்கால் உயரத்தில், இடுப்புக் கயிறு இறுகியதுபோல ஒரு பள்ளம். அதற்கு மேலும் கீழும் பட்டை வீங்கியிருந்தது. நகத்தால் பட்டையை உரித்தாள். உள்ளே பச்சை நைலோன் நூல். கிழிந்த வலையைப் பொத்தும்போது அப்பா போடும் முடிச்சு.

வேலியிலிருந்து ஒரு தடியை முறித்து, குறுக்குக்கு இன்னொன்றை வலைநூலால் கட்டி, குருசாக நட்டிருக்கிறார். குறுக்குத் தடி உக்கிப்போக, நட்ட தடி தளிர்த்துவிட்டது. கிளுவை அப்படித்தான், வெட்டிக் குத்தினாலே வேர்விடும். அதனால்தானே ஊரெல்லாம் அதில் வேலி. அன்றைய வேம்பை யாரோ எப்போதோ பதுங்குகுழிக்கு வெட்டியிருக்க வேண்டும்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ."

ஷாருஜன் இறங்கி வந்து நூலைப் பார்த்தான், அவளுடைய முகத்தைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். மண் குவியல் ஒரு ஆள் உயரம் இருந்தது. அதில் எதைத் தேடுவது?

"கத்தி இருக்கே?" என்று கேட்டாள். அவன் கொடுத்த கத்தியால் கைமொத்தத்தில் ஒரு கொப்பை வெட்டினாள். குழிக்குள் இறங்கி, அதைக் குத்தி, கையாலேயே மண்ணை அள்ளி அணைத்தாள்.

வேம்படியிலிருந்து கத்தரீனா எட்டிப் பார்த்தாள். "என்ன பிள்ளை நடுறாய்?"

"கதியால், அம்மா. வேலிக்கு."

கணவர் போன பிறகு முதல் தடவையாகக் கத்தரீனா சிரித்தாள். "படிச்ச பிள்ளை. நடுக்காணியிலை ஒற்றைக் கதியால் நட்டால் வேலியாகுமே?"

ஜெனீற்றா குனிந்தபடியே மண்ணை மிதித்து இறுக்கினாள். வேம்படியில் செபமாலை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.