கான் ஓரத்து முட்டைகள்

தனலெட்சுமி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். எழுபத்தாறாம் ஆண்டு மார்கழி விடுமுறைக்கு, ஸ்பிரிங்வெளிப் பக்கத்திலிருந்த தேயிலைத் தோட்டத்தில் தன் லயத்து வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த மூன்றாம் நாள் காலை அப்பா மாரிசாமிக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். மழைத்தண்ணி வடிவதற்காக அவர் ஓடைக்கரையில் கான் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் போய்ச் சேர்ந்த நேரம் மண்வெட்டியை ஓங்கியபடி நின்றார்.

வெட்டிய மண் சரிந்து ஒரு பொந்து திறந்திருந்தது. உள்ளே ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில், கருநீலமாய்ப் பளபளத்தபடி ஒன்று சுருண்டு கிடந்தது. விலாவில் மஞ்சள் கோடு. தலை எது, வால் எது என்று சட்டென்று தெரியவில்லை.

"இருதலைப் பாம்பும்மா. தள்ளி நில்லு" என்றார்.

"அடிச்சிறாதீங்கப்பா. அது பாம்பு இல்ல."

தேத்தண்ணிப் போத்தலைப் புல்லில் போட்டுவிட்டு ஈர மண்ணில் மண்டியிட்டாள். ஆய்கூடத்தில் போர்மலின் ஊற்றிய போத்தலுக்குள் இதைப் பார்த்திருக்கிறாள். அங்கே அது அவித்த கிழங்கின் நிறத்தில் விறைத்துக் கிடக்கும். பெயர் இக்தியோபிஸ். காலில்லாவிட்டாலும் தவளைக்குச் சொந்தம். வருஷக்கணக்காகத் தேடியும் உயிரோடு ஒன்றைத்தான் பார்த்ததாகவும், முட்டையோடு பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை என்றும் விரிவுரையாளர் வகுப்பில் சொல்லியிருந்தார்.

இங்கே முட்டைகள் இருந்தன. அந்தச் சுருளுக்கு நடுவே, சின்ன நெல்லிக்காய் அளவில், கண்ணாடி போல. அவள் குனிந்து மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வெள்ளைக் குஞ்சு வளைந்து கிடந்தது. கழுத்தோரத்தில் சிவப்பு இறகு போலச் செவுள்கள். அவை அசைந்தன.

அப்பாவின் கையைப் பிடித்துக் கீழே இழுத்து உட்கார வைத்தாள். மாரிசாமி வெகுநேரம் பார்த்தார். முப்பது வருஷமாகக் கான் வெட்டுகிறாராம். இதுபோல எத்தனையை வெட்டிப் போட்டிருப்பேனோ என்று மெல்லச் சொன்னார்.

கான் அந்தப் பொந்தின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அள்ளி ஒரு தகரப் பேணியில் போட்டுக்கொண்டால் பேராதனைக்கு எடுத்துப் போகலாம் என்ற ஆசை அவளுக்கு வந்தது. ஆனால் தாயைக் கலைத்தால் முட்டைகள் காய்ந்துவிடும் என்று படித்திருந்தாள். கையை நீட்டாமல் அப்பாவைப் பார்த்தாள். அவர் மண்வெட்டியைத் தூக்கி, நாலடி தள்ளிப் புதிதாக ஒரு கோடு கீறினார்.

கொஞ்ச நேரத்தில் கங்காணி வந்து, யாரைக் கேட்டுக் கானை வளைக்கிறீங்க என்று சத்தம் போட்டார்.

"வளைச்சாலும் தண்ணி ஓடைக்குத்தாங்க போகப் போகுது. கூட வெட்டுறது என் கைதானே" என்றார் மாரிசாமி.

தனலெட்சுமி கங்காணியையும் வந்து பார்க்கச் சொன்னாள். அவர் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. பொழுது சாய்வதற்குள் கான் முடிந்தாக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தகப்பனும் மகளும் சேர்ந்து வெட்டி முடித்தார்கள். அவள் கையில் மூன்று இடத்தில் கொப்பளம்.

பொந்தை ஈரப் புல்லுக்கட்டியால் மூடி வைத்தார்கள். தினமும் காலையில் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து முடிந்ததும் அதைத் தூக்கி ஐந்து நிமிஷம் பார்ப்பாள், வரைவாள், மறுபடியும் மூடுவாள். இரண்டாம் நாள் கண்கள் கறுத்தன. ஐந்தாம் நாள் விலாவில் மஞ்சள் தெரிந்தது. அந்நேரம் அப்பாவும் வேலைக்கு நடுவில் வந்து எட்டிப் பார்த்து, ஒன்று புரண்டு படுத்ததை விரலால் காட்டுவார்; செவுள் அசைவதை எண்ணிச் சொல்வார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லயத்துப் பெண்களுக்கு அவரே விளக்கம் சொன்னார்: இது தவளைக்குச் சொந்தம், மண்புழு தின்னும், தாய்தான் அடைகாக்கும் என்று.

ஒன்பதாம் நாள் விடியலில் மழை தூறிக்கொண்டிருந்தது. புல்லுக்கட்டியைத் தூக்கியபோது பாதி முட்டைகள் வெறும் தோலாகக் கிடந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று கிழிந்தது. விரல் நீளக் குஞ்சு வெளியே வந்து, தாயின் முதுகில் ஏறி வழுக்கி, சேற்றில் நெளிந்து ஓடைப் பக்கம் போனது. அதன் பின்னால் இன்னொன்று.

"போயிருச்சும்மா. தண்ணிக்குள்ள போயிருச்சு" என்றார் மாரிசாமி. அவள் சிரித்தாள்; கூடவே கண்ணும் கலங்கியது. அவள் வரையும் கொப்பி நனைந்துவிடாமல் அப்பா தலைக்குப் போட்டிருந்த சாக்கை அதன் மேல் பிடித்துக்கொண்டிருந்தார்.

விடுமுறை முடிந்து முதல் செய்முறை வகுப்பில் பதினான்கு படங்களை மேசையில் வைத்தாள். விரிவுரையாளர் ஒருமுறை புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார்.

"இந்தச் செவுள் அசைஞ்சதை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சேர். நிமிஷத்துக்கு எத்தனை தரம்னு எங்கப்பா எண்ணிச் சொன்னதையும் கீழ எழுதியிருக்கேன்."

அவர் வகுப்பை அமைதியாக இருக்கச் சொன்னார். வெண்கட்டியை அவளிடம் நீட்டி, எல்லாருக்கும் தெரியும்படி பலகையில் பெரிதாக வரைந்து காட்டச் சொன்னார். தனலெட்சுமி எழுந்து போனாள். பின்வரிசைக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்து முன்னால் வந்துகொண்டிருந்தார்கள்.