வாழ்த்து சொல்லப் போன வீடு

எங்கள் கம்பெனியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாழ்த்து அண்ணன் என்பார்கள். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்து, பிரேமில் பொருத்தி, கடைகளுக்கு அனுப்புகிற கம்பெனி. எழுபது பேர் இருக்கிறோம். வருகைப் பதிவும் லீவும் என் பொறுப்பு. வருஷத் தொடக்கத்தில், எந்தப் பண்டிகைக்கெல்லாம் லீவு வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒரு படிவத்தில் டிக் அடித்துத் தர வேண்டும். அது என் மேஜைக்குத்தான் வரும். அதனால் யார் எந்த மதம், யாருக்கு என்றைக்குப் பண்டிகை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

வாசலில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. எந்த மதத்துப் பண்டிகை வந்தாலும் முந்தின நாளே மூன்று கலரில் வாழ்த்து எழுதிவிடுவேன். கீழே அந்தப் பண்டிகைக்காரர்களின் பெயர்களும் இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூட விட்டதில்லை. வெளியே மதத்தைச் சொல்லி மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், எங்கள் வாசலில் அந்தப் பேச்சே கிடையாது என்று எனக்குத் தலைக்கனம்கூட உண்டு. சும்மா சொல்லக் கூடாது, நிறையவே உண்டு.

பிட்டிங் செக்‌ஷனில் ஒரு தம்பி இருக்கிறான். பிரேமுக்குள் உட்காராமல் அடம்பிடிக்கிற லென்ஸை அவனிடம் கொடுத்தால் போதும். ஓரத்தைக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து. உட்கார்ந்துவிடும். ஒன்பது வருஷத்தில் அவன் கையில் உடைந்த லென்ஸ் நாலு இருந்தால் அதிகம். அவன் வேறு மதம், நான் வேறு. அவன் பண்டிகைக்கு அவன் பெயரைப் பலகையில் எழுதினால் ஒவ்வொரு வருஷமும் என் மேஜை பக்கம் வந்து நிற்பான்.

"அண்ணே, பேர் வேண்டாம்ணே. பொதுவா எழுதி விட்டுருங்களேன்."

கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதினேன்.

இந்த வருஷம் அவன் மனைவிக்கு எட்டாம் மாதம். மாடிப்படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாவம், எங்கேயும் போக முடியாமல் பண்டிகையன்று வீட்டிலேயே கிடப்பார்களே, நாமே நேரில் போய் வாழ்த்திவிட்டு வரலாம் என்று யோசனை சொன்னது நான்தான். வேறு யார் சொல்லப்போகிறார்கள். அவன் வீட்டு விலாசத்தை யாரிடமும் சொன்னதில்லை. அதனால் என்ன, பைல் என்னிடம் இருக்கிறதே.

பேக்கிங் அட்டையை வெட்டி, கதவில் பாதி உயரத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்தோம். பண்டிகையின் பெயர் தங்க நிற எழுத்தில். சுற்றிலும் எழுபது பேர் கையெழுத்து. பாலிஷ் செக்‌ஷன் அக்காவும் வேன் டிரைவரும் என்னோடு வந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். கீழ்வீட்டு வாசலில் வீட்டுக்காரர் ஒரு குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, எங்கள் மதத்து ஆள்தான்.

"யாரைப் பாக்கணும்?"

"மாடில இருக்காரே, கண்ணாடி கம்பெனில வேலை பாக்குறவரு. பண்டிகை வாழ்த்து சொல்லலாம்னு வந்தோம் சார்."

அவர் அட்டையைப் படித்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து இன்னொரு முறை படித்தார்.

"இது அவங்க பண்டிகை இல்லையே. அவங்க நம்ம ஆளுங்கதானே?"

நான் சிரித்தேன்.

"இல்ல சார், யாரோ உங்களுக்குத் தப்பா சொல்லிருக்காங்க. ஒம்பது வருஷமா அவன் லீவு ஃபாரம் என் கைக்குத்தான் வருது. எனக்குத் தெரியாதா?"

"அப்படியா," என்றார். மறுபடி குழாயிடம் போய் உட்கார்ந்தார்.

மாடியில் ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. கதவைத் தட்டி வெகுநேரம் கழித்துத்தான் தம்பி திறந்தான், அதுவும் பாதி. பண்டிகையும் அதுவுமாகப் பழைய சட்டை. உள்ளே அவன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாழ்த்துச் சொன்னேன், என் வழக்கப்படி, தெருவுக்கே கேட்கிற மாதிரி. அவன் அட்டையைச் சட்டென்று பிடுங்கி உள்ளே வைத்தான்.

"ரொம்ப தேங்க்ஸ்ணே. கம்பெனில பாப்போம்."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே வாருங்கள் என்ற ஒரு வார்த்தை இல்லை. ஒரு வாய் தண்ணீர் இல்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மறுநாள் கேன்டீனில் சொன்னேன். ஒன்றுக்கு இரண்டாகத்தான் சொன்னேன். "மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டான்." எழுபது பேர் கையெழுத்துப் போட்ட அட்டை, ஆகவே அவமானமும் எழுபது பேருக்கு. "நாமதான் அவங்களைத் தலைல தூக்கி வச்சு ஆடுறோம்" என்று ஒருவர். "அவங்களே அப்படித்தான்" என்று இன்னொருவர். நான் மறுக்கவில்லை. மூன்று நாளைக்கு அவன் மேஜையில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட்டான்.

நாலாம் நாள் லீவு கேட்டு என்னிடம் வந்தான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எதுக்கு?" என்றேன்.

"வீடு காலி பண்ணணும்ணே. பத்து நாள்தான் டைம் குடுத்திருக்காரு."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு எகிறியிருப்பேன். லென்ஸின் பவர் சொல்கிற குரலில் சொன்னான். பதினோரு வீடு பார்த்தார்களாம். மதத்தைக் கேட்டதும் எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். பன்னிரண்டாவது வீட்டில் புரோக்கர், நீங்கள் வாயே திறக்காதீர்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். இரண்டு வருஷம் அப்படியே ஓடியிருக்கிறது.

"பண்டிகை அன்னைக்குப் புதுத் துணி போட மாட்டோம்ணே. என் பொண்ணுக்கு ஆறு வயசு. வாழ்த்துங்கறது காதுலதான் சொல்லணும்னு சொல்லி வச்சிருக்கோம். எல்லாருமே அப்படித்தான் சொல்லுவாங்கன்னு நினைச்சிட்டிருக்கா."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நான் என்ன தப்பு பண்ணேன் தம்பி? வாழ்த்துதானே சொன்னேன்?"

"நீங்க தப்பு பண்ணீங்கன்னு சொல்லலண்ணே." லீவு படிவத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தான். "உங்க வீட்டு மாடி போர்ஷன் காலியா இருக்குன்னு பாலிஷ் அக்கா சொன்னாங்க. ஒரு தடவை மெல்ல மேல ஏத்திட்டா, பிரசவம் முடியற வரைக்கும் இருந்தாப் போதும். அவளை எங்கயும் தூக்கிட்டு அலைய முடியாது."

காலியாகத்தான் இருந்தது. இரண்டு மாதமாக. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அன்று மாலை என் மனைவியிடம் சொன்னேன். முழுவதும் கேட்காமலே, "இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? மாசமா இருக்கற பொண்ணு. வரச் சொல்லுங்க" என்றாள். மறுப்பாள் என்று நம்பித்தான் அவளிடம் கேட்டேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சொந்தக்காரர்கள் வந்தால் என்ன கேட்பார்கள், நம் வீட்டு விசேஷம் என்றால் மாடியில் அவர்களை வைத்துக்கொண்டு எப்படி என்று காரணங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்பது முதலில் வந்துவிட்டது, காரணங்களெல்லாம் அப்புறம்தான். "யோசிக்கலாம்" என்றேன். அவளுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் தம்பி எனக்கு முன்பே வந்து என் மேஜை பக்கம் நின்றான்.

"வீட்ல ஒத்துக்கல தம்பி. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். பொம்பளைங்க சமாசாரம், உனக்குத் தெரியாததா."

"பரவாயில்லண்ணே," என்றான். போய்க் கல்லைத் தண்ணீரில் நனைத்து வேலையை ஆரம்பித்தான். என் மனைவியை அவனுக்கு முன்பின் தெரியாது. இனிமேல் தெரியும், என் வாயால்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது மாடியில் சத்தம் கேட்டது. ஏறிப் போனேன். தரை முழுக்கக் கழுவி விட்டிருந்தாள். எங்கள் அறையில் இருந்த கட்டிலைப் பக்கத்து வீட்டு ஆட்களை வைத்து மேலே ஏற்றியிருந்தாள்.

"தரையில படுத்தா அந்தப் பொண்ணால எந்திரிக்க முடியாது. நமக்கென்ன, பாய் போதும். எப்ப வர்றாங்க?"

"வரல."

"ஏன்?"

வேறு வீடு கிடைத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாடகை கட்டுப்படியாகவில்லை என்று சொல்லியிருக்கலாம். பொய்க்கா பஞ்சம். ஆனால் ஈரத் தரையில் கையில் துடைப்பத்தோடு நின்று அவள் என்னைப் பார்த்த பார்வையில், பழியை யார் தலையிலாவது போட்டுவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு.

"நம்ம ஆளுங்க வீட்டுல இருக்க அவங்களுக்கு இஷ்டமில்லையாம்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். முகம் காதுவரை சிவந்துவிட்டது.

"அப்படின்னு சொன்னாங்களா? நம்ம வீடு அவ்வளவு கேவலமாப் போச்சா?"

எந்த மதத்தையும் அவள் ஒரு வார்த்தை தவறாகப் பேசி நான் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட இல்லை. பலகையில் எழுதிக் காட்ட வேண்டிய தேவை எனக்குத்தான் இருந்தது, அவளுக்கு இல்லை.

"இதுங்களுக்குப் போய்ப் பாவம் பாத்தேனே," என்றாள். "வைக்க வேண்டிய எடத்துல வைக்கணும் இதுங்கள."

"ஆமா," என்றேன். கட்டிலைக் கீழே இறக்க ஒரு பக்கம் பிடித்தேன்.