மாறிக் கிடந்த வயர்

எல்வின் வீட்டிலேயே செய்த கிராஸ்ஓவர் பெட்டி, பாட்டின் கனத்த ஒலியை ஒரு ஆம்ப்ளிஃபயருக்கும் மெல்லிய ஒலியை இன்னொன்றுக்கும் பிரித்து அனுப்பும். அவன் வயரை மாற்றிச் செருகியதில், நண்பன் ஆக்னல் இரவலாகத் தந்த, மெல்லிய ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்குள் கனத்த ஒலி பாய்ந்து, அது கருகிப்போனது. தவறு புரிந்தும், "ஒன் ட்வீட்டர் பழசுடா, அதான் எரிஞ்சுபோச்சு" என்று போனில் சொல்லிவிட்டான். அதன்பிறகு வெட்கத்தில் அந்தப் பெட்டியைத் தொடவேயில்லை.

மறுநாள் ஆக்னல் மூடுபனியில் நனைந்து வந்தான். ஸ்வெட்டருக்குள் பொத்தி எடுத்துவந்த, ஜோடியின் இன்னொரு ட்வீட்டரை நீட்டினான்.

"மன்னிச்சுக்க மாப்ளே. கெட்டுப்போன சாமானக் கொடுத்து ஒன் சோலியக் கெடுத்துட்டேன். இது நல்லாருக்கு, நீயே வச்சுக்க."

எல்வினால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆக்னல் அதே வயரில் ட்வீட்டரை மாட்டினான்.

"வெரசா போடுடா. நம்ம கோயில் கொயர் பாட்டக் கேப்போம்."

சுவிட்ச்வரை போன எல்வினின் கை நின்றது. ஆண்டவரே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான்.

"வேண்டாம்டா. வயரு மாறிக் கெடக்கு. அத எரிச்சது நாந்தான். பழிய ஒன் மேல போட்டுட்டேன்."

ஆக்னல் ட்வீட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமல், போன் டார்ச்சைப் போட்டுப் பெட்டியின் பின்பக்கம் பிடித்தான்.

"சரி, இப்பப் பாத்து மாட்டு."

எல்வின் இரண்டு வயர்களையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினான். வெளிச்சம் அசையாமல் நின்றது.