சாகாத சர்வரில் ஆட்டு விலை

எங்கள் ஆடு வளர்ப்போர் சங்கத்தின் வெப்சைட்டை ஓட்டும் ஸ்கிரிப்டை, அதாவது புரோகிராமை, எழுதியவன் நான்தான். எழுதி இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். ஆட்டின் படத்தைப் போட்டால் வியாபாரிகள் அவரவர் விலையை ரகசியமாக அனுப்புவார்கள். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறோமே, அதே முறை. ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியக்கூடாது.

குறை ஒன்றுதான், வேகம். யாராவது தட்டினால் ஸ்கிரிப்ட் புதிதாகப் பிறந்து, வேலையை முடித்துவிட்டுச் செத்துப்போகும். அடுத்தவர் தட்டினால் மறுபடி பிறக்க வேண்டும். விளாத்திகுளத்துக்காரர் ஒருவர் சினை ஆட்டை விற்கப் போட்டார். பக்கம் திறப்பதற்குள் அது ரெண்டு குட்டி போட்டு, குட்டிகளும் மேயப் போய்விட்டன. நான் பார்த்தேன்.

சங்கச் செயலாளர் செண்பகராஜ் இதைத் தூக்கி எறிந்துவிட்டு, வெளியூர்க் கம்பெனி ஒன்றின் செயலிக்கு மாறலாம் என்றார். விற்கும் ஒவ்வொரு ஆட்டிலும் கம்பெனிக்குப் பங்கு உண்டாம். ஆட்டுக்கு ஒரு கட்டுக் குழை ஒடித்துப் போடாதவனுக்கு எதற்குப் பங்கு என்று கேட்டேன். அதே ஸ்கிரிப்டை, சாகாமல் விழித்தே இருக்கும் சர்வருக்கு மாற்றுகிறேன், சனிக்கிழமைச் சந்தைக்குள் சரியாக ஓடாவிட்டால் கம்பெனிக்கே போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மாற்றினேன். வெள்ளிக்கிழமை காலை சங்க ஆபீஸில் சோதித்துப் பார்த்தார்கள். பக்கம் வந்த வேகத்தில் சுவரிலிருந்த காலண்டர் தாள் புரண்டது. ஆனால் வியாபாரி சோலைராஜ் விலையை அனுப்பியதும், அடுத்துத் தட்டிய இன்னொரு வியாபாரி மாயகிருஷ்ணனின் போனில் அந்த விலை அப்படியே வந்து நின்றது. அவன் அதற்கு மேல் பத்து ரூபாய் போட்டுவிட்டுச் சிரித்தான்.

"என் விரலை ஊருக்கே காட்டிட்டீரே அண்ணாச்சி" என்றார் சோலைராஜ்.

பழசு பழசுதான், ஏறக்கட்டிவிடலாம் என்றார் செண்பகராஜ்.

"பழசு இல்ல வே. இதுவரைக்கும் அது செத்துச் செத்துப் பிறந்துச்சு, மறக்கச் சொல்லிக் குடுக்க வேண்டிய தேவையே இல்ல. இப்ப சாகுறதில்ல, அதனால மறக்குறதும் இல்ல. சொல்லிக் குடுத்தாப் போச்சு. சந்தை நாளைக்குத்தான, உக்காரும்" என்றேன்.

அவர் உட்காரவில்லை, கம்பெனிக்குப் போன் போட எழுந்தார். நான் எழவில்லை. விலை, பெயர் என்று ஸ்கிரிப்ட் மனத்தில் வைத்துக்கொள்ளும் ஒவ்வொன்றையும், புது ஆள் தட்டியதும் முதலில் துடைத்துவிட்டுத் தொடங்கும்படி எழுதினேன். மதியச் சாப்பாட்டையும் நாற்காலிக்கே வரவழைத்தேன்.

சாயங்காலம் அதை நம்பி யாரும் ஆட்டைப் போட முன்வரவில்லை. குளத்தூர் ராதாமணிதான் தன் கிடாவைப் போட்டாள். சோதனைக்கு இல்லை, விற்க. சோலைராஜ் தயங்கித் தயங்கி விலை அனுப்பினார். மாயகிருஷ்ணன் உடனே தட்டினான். விலை போடும் கட்டம் காலி. போனைச் சாய்த்துப் பார்த்தான், காலி. பிறகு வாயை மூடிக்கொண்டு சொந்த விலையைப் போட்டான். கிடா சோலைராஜுக்குப் போனது.

செண்பகராஜ் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, நாளைக்குச் சந்தை நேரத்தில் சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வது என்றார்.

"படுத்தா நாங்க எழுப்பிக்கிடுதோம்" என்றாள் ராதாமணி. "கம்பெனிக்காரவியளுக்கு இங்கன ஆடு இல்லைன்னு சொல்லிட்டுப் போனை வைங்க அண்ணாச்சி."

அவர் வைக்கவில்லை. நான்தான் வாங்கி வைத்தேன்.