முன்பக்கத்துச் சத்தம்

காரின் மூக்கை இரண்டு கையாலும் அழுத்தி விட்டார் லேத்காரர். டொக். இன்னொரு தடவை அழுத்தினார். டொக். "நாசமாப் போக!" என்று டயருக்கு ஓர் உதை விட்டார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, இவருடைய கட்டைவிரல்தான் விண்ணென்று தெறித்தது.

அவர் வயது இருக்கும் அந்தக் காருக்கு. துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, மனைவியைக் கொண்டு சீட்டெல்லாம் தைத்துப் புதுசாக்கியாயிற்று. இந்தச் சனியன் பிடித்த சத்தம் மட்டும் போகவில்லை. எஞ்சினைத் தாங்கும் அடிச்சட்டத்துக்கும் காரின் உடம்புக்கும் நடுவே மவுண்ட் ரப்பர்கள் இருக்கும். அவை செத்துப்போனால் இரும்போடு இரும்பு இடிக்கும். சரியென்று மாற்றினார். புது ரப்பர் முதலில் லேசாகக் கீச்சிட்டது, அப்புறம் கொழகொழவென்று ஆகி டொக் டொக் என்றது. மறுபடியும் மாற்றினார். மறுபடியும் அதே கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். "வேற எந்த வண்டியும் வேணாம், மாமா வண்டியிலதான் வருவேன்" என்று அந்தப் பெண் சொன்னதிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அதில் அவரே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார். ரப்பர் வாங்கியது அந்த மச்சானின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில். நேற்று அங்கே போய், வாடிக்கைக்காரர்கள் எதிரிலேயே, "சொந்தக்காரன் தலையிலயே டூப்ளிகேட் சரக்கக் கட்டுறீங்களே, வெக்கமா இல்ல?" என்று கத்திவிட்டு வந்தார். கல்யாணத்துக்கு வேறு வண்டி பார்க்கப் போவதாக மச்சான் சாயங்காலம் தன் தங்கைக்கு மட்டும் போன் போட்டுச் சொன்னார்.

லேத்காரர் ஜாக்கி வைத்து, போல்ட்டுகளோடு மல்லுக்கட்டி, ரப்பர்களைக் கழற்றினார். விரலெல்லாம் பிசுபிசுத்தது. மோந்து பார்த்தார். தெரிந்த வாசனை. தையல் மெஷின் எண்ணெய்!

"ஏய், இங்க வா!"

மனைவி கழுத்தில் அளவு டேப்போடு வந்தாள்.

"இதுல எப்படி எண்ணெய் வந்துச்சு?"

"நான்தான் விட்டேன்" என்றாள், பெரிய உபகாரம் செய்த முகத்தோடு. "கீச்சு கீச்சுன்னு கேட்டு நீங்க சரியாச் சாப்பிடக்கூட இல்ல. புதுசு மாட்டுனப்பெல்லாம் சக்கரத்துப் பக்கமா கைய விட்டு நாலு சொட்டு விட்டேன். கீச்சு நின்னுச்சா இல்லியா? மெஷின் கத்துனா எண்ணெய் விடுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

அடக் கடவுளே! எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊறிப்போய் வீணாகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதர் அவர். வீட்டில் சொல்லத்தான் மறந்திருக்கிறார். வந்த ஆத்திரத்துக்கு ஸ்பேனரை வீசியெறியலாம் போலிருந்தது.

"ஏங்க, தப்பாப் பண்ணிட்டேனா?" டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "அண்ணன்கூட சண்டை போட்டது இதுக்குத்தானா?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். ரப்பர்களைத் துணியில் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பினார்.

கடையில் நேற்றிருந்த கூட்டத்தில் பாதிப் பேர் அப்படியே இருந்தார்கள். அவருடைய நேரம்! துணியை மேஜைமேல் பிரித்து வைத்தார்.

"மச்சான், சரக்குல தப்பில்ல. நான்தான் ரப்பருக்கு எண்ணெய் விட்டுட்டேன்."

லாரிக்காரர் ஒருவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "நீங்களாண்ணே? எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பீங்களே!" கடையே சிரித்தது. லேத்காரருக்குக் காதெல்லாம் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

மச்சான் சிரிக்கவில்லை. ஒரு ரப்பரை எடுத்து மோந்து பார்த்தார். தங்கைக்கு அந்தத் தையல் மெஷினை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அதற்கு எண்ணெயும் அவர் கடையிலிருந்துதான் போகிறது. மேஜைமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவளத் திட்டினீங்களா?"

"இல்ல" என்றார் லேத்காரர். அப்புறம் மனசு கேட்காமல், "தொண்ட வரைக்கும் வந்துச்சு" என்றார்.

மச்சான் எழுந்துபோய்ப் புது ரப்பர் பெட்டியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழம நேரத்தோட வந்துருங்க மாப்ள. பொண்ணு காத்துட்டு இருப்பா."