நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே

அண்ணி கடைக்கு வந்தபோது சின்னவர் ஒரு பழைய தையல் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, அதன் வயிற்றுக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்ததும் கண்ணில் பட்டது அண்ணியின் முகம் இல்லை, கையில் இருந்த நீளமான துணி உறைதான். அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அப்பாவுக்கு இரண்டே பிள்ளைகள். பெரியவன், சின்னவன் என்றுதான் கூப்பிடுவார். தலை நரைத்த பிறகும் அந்தப் பெயர்கள் அவர்களை விடவில்லை. அப்பா போனதும் வீட்டை விற்றார்கள். அதில் வாய்ப்பேச்சு முற்றி, அண்டா குண்டாவரைக்கும் பங்கு போடும்படி ஆகிவிட்டது. கடைசியில் மிஞ்சியது அப்பாவின் மூங்கில் தூண்டில். மூங்கிலைக் கீற்றாகச் சீவி, ஆறு கீற்றை ஒட்டிச் செய்த கழி. புழு மாட்டிப் போடுகிற தூண்டில் இல்லை அது. இறகில் முடிந்த பொய்ப்பூச்சியைத் தண்ணீர்மேல் வீசிப் பிடிப்பது. நடுவில் ஒரு பித்தளைப் பூண், கழற்றினால் இரண்டு துண்டு. பெரியவர் ஒரே இழுப்பில் கழற்றி, பிடியுள்ள அடித்துண்டைத் தம்பியிடம் நீட்டிவிட்டு நுனித்துண்டைத் தான் எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு பேருமே மீன் பிடிக்க முடியாதபடி நல்லா பங்கு போட்டீங்க" என்று அன்றைக்கு அண்ணிதான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை.

இப்போது அண்ணி உறையை மெஷின் மேஜைமேல் வைத்தார்.

"உங்க அண்ணன் குடுத்துவிட்டாரு தம்பி. உங்க பாதியோட சேத்து எடுத்துக்கிட்டு வரச் சொன்னாரு. ஆத்தங்கரைவரைக்கும் வண்டியில கூட்டிட்டுப் போனா போதுமாம். உக்காந்த இடத்துலேருந்தே வீசிக்கிறேங்கிறாரு."

"உடம்பு எப்படி இருக்கு?"

"நுரையீரல்தான். இனிமே மருந்துக்கு அடங்காதுன்னு சொல்லிட்டாங்க. வந்து பாருங்களேன்."

சின்னவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். "வர்றேன் அண்ணி" என்றார்.

சாயங்காலம் பரணிலிருந்து தன் பாதியை இறக்கினார். பூண் பச்சை பூத்திருந்தது. ஒரு கீற்று பசை விட்டு வாய் பிளந்திருந்தது. அண்ணனின் நுனித்துண்டை உறையிலிருந்து உருவினார். வார்னிஷ் கண்ணாடிமாதிரி இருந்தது. வளையங்களைக் கட்டிய நூல் புதிது. உபயோகமில்லாத பாதி என்று தெரிந்தே அதை ஒரு மனிதர் இத்தனை காலம் பார்த்துப் பார்த்துப் பேணியிருக்கிறார். சின்னவருக்குத் தன் பாதியைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இதைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் எப்படி நிற்பது?

இரண்டு துண்டையும் ஆற்றுப்பாலத்தை ஒட்டிய தூண்டில் கடைக்குக் கொண்டுபோனார். நடத்துவது ஒரு பெண். பேச்சும் வேகம், கையும் வேகம். பிளந்த கீற்றை ஒட்டி, நூல் சுற்றிக் காயப்போட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் கூப்பிட்டாள்.

"என்ன லைன் போடுவீங்க சார்?"

"அப்பா ஆறாம் நம்பர் போடுவாரு." லைன் என்பது தூண்டில் நூல்தான்; நம்பர் ஏற ஏறக் கனமும் ஏறும்.

"அது அப்போ. இப்ப கழிக்கு எவ்வளவு தெம்பு இருக்குன்னு பாத்துடுவோம்."

கழியின் அடியை மேஜை ஓரத்தில் இறுக்கி, படுக்கைவாட்டில் நிறுத்தினாள். நுனி நிற்கும் உயரத்தைச் சுவரில் கோடு போட்டாள். கழியின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே அளந்து இன்னொரு கோடு. பிறகு நுனியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையை மாட்டி, அதற்குள் இரும்பு வாஷர்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கழி மெல்ல மெல்லத் தலை குனிந்தது. நுனி கீழ்க்கோட்டைத் தொட்டதும் பையைக் கழற்றித் தராசில் வைத்து, அந்தக் கனத்துக்கு எந்த நம்பர் என்று கணக்குப் பார்த்தாள்.

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நிக்குது சார்."

"ஆறு?"

"ஆறு தாங்காது. இந்தத் தூண்டில்ல முள்ளுக்குக் கனம் கிடையாது. லைனோட கனந்தான் கழியை வளைக்கும், வளைஞ்ச கழிதான் லைனை வீசும். ஆறு போட்டா வளைஞ்சது எழுந்திரிக்காது. நீங்க பரண்ல போட்டு வச்சிருந்தீங்கல்ல, ஈரம் பசையை இளக்கிருச்சு."

சின்னவர் சுவரில் இருந்த இரண்டு கோடுகளையும் பார்த்தார்.

"தூரமா வீசுவீங்களா, கிட்டத்துலயா?"

"எங்க அண்ணனுக்கு. உக்காந்துதான் வீசுவாரு. கையில வலு இல்ல."

"அப்ப அஞ்சுதான் சரி. கிட்டத்துல வீசும்போது கொஞ்சம் கனமா இருந்தாத்தான் கழி வேலை செய்யும். ஆனா எங்கிட்ட இப்ப அஞ்சு இல்ல, வெளியூர்லேருந்து வரணும். நாலு இருக்கு. நாலையே கொண்டுபோங்களேன். சுமாரா வீசும். அவருக்கு உடம்பு முடியலன்னு சொல்றீங்க."

அந்த இடத்தில் ஒரு 'சரி' போதும். சின்னவர் "இல்ல, சரியானதே வரட்டும்" என்றார்.

நல்ல வேலைக்காரன் பேசுகிற பேச்சு என்றுதான் அவருக்கே தோன்றியது. உள்ளே கிடந்தது வேறு. அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தால் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தூண்டில் குறையில்லாமல் கையில் இருந்தால் பேச்சே வேண்டாம். 'இந்தா, வீசிப் பாரு' என்று நீட்டிவிடலாம். பாக்கியை ஆறு பார்த்துக்கொள்ளும்.

அண்ணி போன் செய்தார். "எப்ப வர்றீங்க தம்பி?"

"லைன் வரணும் அண்ணி. வந்ததும் வந்துடறேன்."

அடுத்த தடவையும் அதே பதில்தான். மூன்றாம் தடவை அண்ணியின் குரல் இறங்கியிருந்தது. "லைன் வரும்போது வரட்டும். நீங்க சும்மா வந்துட்டுப் போங்க."

"இந்த வாரம் வந்துடும்னு கடைக்காரப் பொண்ணு சொல்லியிருக்கா. கையோட எடுத்துட்டே வந்துடறேன்."

அந்த வாரம் லைன் வரவில்லை. ஒரு காலையில், கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. பேசியது அண்ணியின் பக்கத்து வீட்டுக்காரர். ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு சின்னவர் ஓடினார். அண்ணன் கட்டிலில் கிடந்தார். அப்பாவின் தாடை. இவ்வளவு சின்ன உருவமாக அண்ணனை அவர் நினைத்ததே இல்லை. ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். எல்லாரும் தம்பி என்பதற்காக அவர் கையைப் பிடித்தார்கள். ஒவ்வொரு கையையும் அவர் திருட்டுப் பொருளைத் தொடுவதுபோலத் தொட்டார்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் அண்ணி அவரைப் பார்த்தார். அதட்டவில்லை.

"அவரு உங்களைத்தானே தம்பி கேட்டாரு? நூலையா கேட்டாரு?"



பிறகு லைன் வந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் போனார். விஷயத்தைக் கேட்ட கடைக்காரப் பெண் வாஷர் டப்பாவை மூடி வைத்தாள். அப்புறம், "வாங்கினதை ஒரு தடவை வீசியாவது பாருங்க சார்" என்று அவளே லைனைச் சுற்றிக் கொடுத்தாள். கடைக்குப் பின்னால் இருந்த வெட்டவெளியில் நின்று சின்னவர் வீசினார். கழி நடுவரைக்கும் வளைந்து, மூச்சு விட்டதுபோல நிமிர்ந்தது. லைன் வளையமாக விரிந்து, அவர் நினைத்த இடத்தில் சத்தமில்லாமல் படிந்தது. அவள் சொன்னது அச்சுப் பிசகவில்லை. கொஞ்சமாவது பிசகியிருந்தால் அவருக்கு ஒரு ஆறுதல் கிடைத்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி. ஜன்னலோரம் ஒரு சக்கர நாற்காலி. முதுகுக்கு வைத்த தலையணை இன்னும் குழிந்தே இருந்தது.

"வாடகை நாற்காலி. திருப்பிக் குடுக்கணும், கீழே இறக்க ஆள் இல்ல" என்றார் அண்ணி. டீ கொடுத்தார். சின்னவர் குடித்தார். கேட்கக் கூடாது என்று நினைத்து வந்ததைக் கேட்டுவிட்டார்.

"கோவமா இருந்தாரா அண்ணி?"

அண்ணி யோசித்துத்தான் பதில் சொன்னார். "கோவமெல்லாம் இல்ல தம்பி. முதல்ல தினமும் கேட்டாரு, சின்னவன் வந்தானான்னு. அப்புறம் கேக்கல."

சின்னவர் டம்ளரைக் கழுவி வைத்தார். "நாற்காலியை நான் இறக்கிடறேன்" என்றார். தலையணையை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு நாற்காலியை மடக்கித் தூக்கினார். கனம் அதிகம் இல்லை. ஆனால் சக்கரம் படிக்குப் படி இடித்தது. ஒரு மாடி இறங்கியதும் மூச்சு வாங்கிக்கொள்ளத் திருப்பத்தில் அதைக் கீழே வைத்தார். மடிப்பு தானாக விரிந்துகொண்டது. அதில் உட்கார்ந்தார்.

காய்கறிப் பையோடு மேலே ஏறி வந்த ஒரு பெண், அழுகிற மனிதரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சுவரோரமாக ஒதுங்கிப் போனாள்.